வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் என்றதும் நமக்கு அமெரிக்கத் தலைநகரும் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பெயர் அமெரிக்காவில் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் பகுதியின் ஒரு சிற்றூரிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. இன்று அமெரிக்காவில் இந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். டர்ஹம் நிலக்கிழாரின் பெயர் இவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? இந்தப் பெயரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் பலவும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

வாஷிங்டனுக்கும் துணி துவைப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. ஓசை மட்டும்தான் ஒன்று. பழைய ஆவணங்களில் வெஸிங்டன், வாஸிங்டன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். 'ஷ' ஒலி பிற்பாடு வந்தது. ஹ்வாஸா என்பது போன்ற பெயருள்ள ஒருவருக்குச் சொந்தமான பண்ணை என்பதே ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் தரும் பொருள். கடைசியில் வரும் 'டன்' பழைய ஆங்கிலத்தில் வேலி கட்டிய பண்ணையை, குடியிருப்பைக் குறித்த 'தூன்' என்ற சொல். நியூட்டன், மில்டன் ஆகிய பெயர்களின் வாலிலும் இதே சொல்தான் இருக்கிறது. அந்த ஹ்வாஸா யார், என்ன செய்தார் என்பதற்கு எந்த ஏடும் இல்லை.

தென் இங்கிலாந்தில் சஸெக்ஸிலும் வாஷிங்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்கிருந்து வெளியூர் போனவருக்கும் இதே பெயர் ஒட்டியிருக்க முடியும். ஆகவே வாஷிங்டன் என்ற பெயருள்ளவர் எல்லாரும் ஒரே வேரில் முளைத்தவர்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. ஜனாதிபதியின் வழி மட்டும் சந்தேகமில்லாமல் டர்ஹம் வழி.

ஆங்கிலேயர்களுக்குக் குடும்பப் பெயர் எப்போது வந்தது?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் பெரும்பாலானவர்களுக்கு ஒரே பெயர்தான். ஒரே ஊரில் நான்கு வில்லியம் இருந்தால் தொழில், அப்பா பெயர், ஆளின் தோற்றம், சொந்த ஊர் என எதையாவது சேர்த்து அடையாளம் சொன்னார்கள். ஸ்மித் கொல்லன், ஜான்சன் ஜானின் மகன், பிரவுன் பழுப்பு முடிக்காரர். இவை அந்த ஆளோடு முடிந்துபோன அடைமொழிகள். அப்பா பேக்கர், மகன் டெய்லர் என்று இருந்த காலம் அது.

அடைமொழி பரம்பரைப் பெயராக உறைந்ததற்கு முக்கியக் காரணம் நிலம். அப்பாவின் நிலம் எனக்கு வர வேண்டும் என்றால் அப்பாவின் பெயரும் என்னிடம் இருப்பது வசதி. அதனால் நிலக்கிழார்கள் முந்திக்கொண்டார்கள். சாதாரண மக்களிடம் பழக்கம் மெல்லத்தான் இறங்கியது. 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பரம்பரைப் பெயர் நிலைத்துவிட்டது. வடக்கில் இன்னும் கொஞ்சம் தாமதம்.

இந்தப் பெயரை முதலில் வைத்துக்கொண்டவர் யார்?

வில்லியம் என்ற நிலக்கிழார். வேடிக்கை என்னவென்றால், அவர் அதற்கு முன் வேறு ஊர்ப்பெயரில் இருந்தவர். ஹார்ட்பர்ன் என்ற ஊர் அவர் கையில் இருந்ததால் 'ஹார்ட்பர்ன் வில்லியம்'. டர்ஹம் பிஷப்பிடம் அந்த ஊரைக் கொடுத்துவிட்டு வாஷிங்டனை மாற்றாக வாங்கிக்கொண்டார். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. அந்த மாற்று நடக்காமல் போயிருந்தால் இன்றைய அமெரிக்கத் தலைநகர் 'ஹார்ட்பர்ன்' ஆகியிருக்குமோ என்னவோ.

இந்தச் சங்கதி போல்டன் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. 1086இல் அரசர் எடுத்த புகழ்பெற்ற டூம்ஸ்டே நிலக்கணக்கில் டர்ஹம் சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல, பிஷப் ஹ்யூ 1183இல் தன் ஆளுகைக்கு உட்பட்ட நிலங்களுக்குத் தனியாகக் கணக்கு எடுக்கச் சொன்னார்; அதுதான் இந்த ஏடு. தேவாலயமும் அதற்குச் சேர்ந்த நிலமும் போக வாஷிங்டன் ஊரின் மீதிப் பகுதி வில்லியமுக்கு. அதற்கு அவர் ஆண்டுக்கு நான்கு பவுண்டு கட்ட வேண்டும், பிஷப்பின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு வந்து நிற்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிஷப் என்றால் பிரசங்கம் செய்யும் மதகுரு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். டர்ஹம் பிஷப்புக்குச் சொந்த நீதிமன்றம், சொந்த நாணயம் எல்லாம் உண்டு. குறுநில மன்னர் மாதிரி.

அப்படியானால் ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் கடைசிவரை அந்த ஊரிலேயே இருந்தார்களா?

இல்லை. மூத்த கிளைக்கு 1400ஐ ஒட்டி ஆண்வாரிசு இல்லாமல் போனது. மகள் வழியாக நிலம் டெம்பஸ்ட் குடும்பத்துக்குச் சென்றது. ஆனால் அதற்குள் இளைய கிளைகள் பரவிவிட்டன. அவற்றில் ஒன்று லங்காஷயரின் வார்டன் என்ற ஊரில் தங்கியது. அங்கிருந்து தெற்கே வந்தவர் லாரன்ஸ் வாஷிங்டன். குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியவர் இவர்தான்.

லாரன்ஸ் கம்பளி வியாபாரி. அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரும்பணம் ஆட்டு ரோமத்தில்தான் இருந்தது. நார்தாம்ப்டனில் கடை விரித்து, 1532இலும் 1545இலும் அந்நகரின் மேயரானார். இடையில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் என்ற ஊரில் ஒரு மடத்துக்குச் சொந்தமாயிருந்த நிலத்தை லாரன்ஸ் வாங்கினார். கையில் ரொக்கம் வைத்திருந்த வியாபாரிகள் பலர் அப்போதுதான் நிலக்கிழார்களானார்கள். அங்கே அவர் கட்டிய சல்கிரேவ் மாளிகை இன்றும் நிற்கிறது. முன்வாசல் முகப்பில் குடும்பச் சின்னத்தைப் பார்க்கலாம்.

பிறகு ஏன் அமெரிக்கா போனார்கள்? நாடு பிடிக்கவா, மத சுதந்திரத்துக்கா?

இரண்டும் இல்லை. ஒரு பாதிரியாருக்கு வேலை போனது. அவர் மகன் கடலுக்குப் போனான். கப்பல் தரைதட்டியது.

மேயர் லாரன்ஸின் கொள்ளுப்பேரனுக்கும் லாரன்ஸ் என்றுதான் பெயர் (இந்தக் குடும்பத்தில் லாரன்ஸ், ஜான் இரண்டையும் விட்டால் ஆளே இல்லையோ என்று வம்சாவளி எழுதுபவர்கள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்). ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரியில் இருந்த இவர், பிறகு எஸெக்ஸில் பர்லே ஊரின் பாதிரியார் ஆனார். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்ட நேரம். பாராளுமன்றத் தரப்பின் பியூரிட்டன்கள் (கடும் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள்) அரச விசுவாசிகளான பாதிரியார்களைக் களையெடுத்தார்கள். 1643இல் லாரன்ஸை வெளியேற்றினார்கள். சாராயக்கடையே கதி என்று கிடந்தார், தான் குடித்ததோடு மற்றவர்களையும் குடிக்கத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. பிடிக்காத பாதிரியார் மீது அந்நாளில் சுலபமாகச் சுமத்தக்கூடிய குற்றம் இது என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வருமானம் சுருங்கி, 1653இல் இறந்தார்.

மூத்த மகன் ஜான் வியாபாரக் கப்பலில் சேர்ந்தார். 'கடற்குதிரை' என்று பொருள்படும் பெயருடைய அந்தக் கப்பல் வர்ஜீனியாவில் புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, 1657இல் பொடோமக் ஆற்றில் புயலில் சிக்கித் தரைதட்டியது. சரக்கு நாசம். கப்பலை மீட்டபிறகும் ஜான் ஊர் திரும்பவில்லை. நதானியேல் போப் என்ற உள்ளூர்ப் பணக்காரரின் மகள் ஆன் போப்பை மணந்தார்; மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். ஜானின் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அவர் மகன் 1732இல் பிறந்த ஜார்ஜ்.

ஜான் சுமந்த வேறொரு பெயரையும் இங்கே சொல்லிவிடலாம். 1675இல் சஸ்குவஹனாக் பழங்குடித் தலைவர்கள் சமாதானம் பேச வந்த இடத்தில் கொல்லப்பட்டார்கள். ஜான் அங்கே வந்திருந்த குடியேறிகள் படையின் தலைவர்களில் ஒருவர். பழங்குடியினர் அவருக்கு 'கொனோடொகேரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஊர்களை விழுங்குபவன், அழிப்பவன் என்று பொருள். 1753இல் ஜார்ஜ் அந்தப் பக்கம் தூது போனபோது கொள்ளுத்தாத்தாவின் பெயரை அவருக்கும் சூட்டினார்கள், அவரும் ஏற்றுக்கொண்டார். 1779இல் அவர் அனுப்பிய படை இரொகுவா பழங்குடி மக்களின் ஊர்களைக் கொளுத்தியபின் அந்தப் பெயர் வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தன் பூர்வீகம் தெரிந்திருந்ததா?

பெரிதாகத் தெரியாது, அக்கறையும் இல்லை. லண்டனில் குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் மன்றத்தின் தலைமை அதிகாரி சர் ஐசக் ஹேர்டு, ஜனாதிபதியின் வம்சாவளியைக் கேட்டு எழுதினார். 1792இல் ஜார்ஜ் அனுப்பிய பதிலில், இந்த விஷயத்தில் நான் மிகக் குறைவாகவே கவனம் செலுத்தியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். முன்னோர் வட இங்கிலாந்திலிருந்து வந்ததாக வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுண்டு. லங்காஷயரா, யார்க்ஷயரா, இன்னும் வடக்கேயா என்று சரியாக நினைவில்லை என்கிறார். சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் அரசரைத் தோற்கடித்தவரிடம் அதே அரசரின் அதிகாரி வம்சக் கணக்கு கேட்பதில் ஒரு சுவாரசியம் இருக்கத்தான் செய்கிறது.

ஹேர்டு தானே ஒரு வம்சாவளியைக் கட்டினார். அதில் வர்ஜீனியா ஜானுக்குப் பதில், அதே பெயருடைய வேறொரு ஜானைப் பிடித்துவிட்டார். 1866இல் ஜோசஃப் செஸ்டர் என்ற ஆய்வாளர் அந்தத் தவறை அம்பலப்படுத்தினார். சரியான விடையை 1889இல் கொடுத்தவர் ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கர். உயில்களையும் சொத்துப் பத்திரங்களையும் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு, டிரிங் என்ற ஊரில் இறந்த ஆம்பிலிஸ் வாஷிங்டன் என்ற விதவையின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மகன் ஜானுக்கு வழங்கப்பட்டதற்கான பதிவு கிடைத்தது. அந்த விதவை, வேலை பறிபோன பர்லே பாதிரியாரின் மனைவி.

அமெரிக்கக் கொடி வாஷிங்டன் குலச்சின்னத்திலிருந்து வந்ததுதானே?

சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. வெள்ளைக் கேடயத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் என்பது குடும்பச் சின்னம். பட்டையும் நட்சத்திரமும் அமெரிக்கக் கொடியிலும் இருப்பதால் இந்தக் கதை கிளம்பியது. 1777இல் கொடியை முடிவு செய்த தீர்மானத்தில் வாஷிங்டன் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. உண்மையாகவே இந்தச் சின்னத்திலிருந்து எடுத்த கொடி வேறு: தலைநகர் வாஷிங்டனின் கொடி. 1938இல் ஏற்றுக்கொண்டார்கள்.

இதையொட்டி ஒன்று. 'உங்கள் குடும்பப் பெயரின் குலச்சின்னம்' என்று கோப்பையில் அச்சடித்தும் சுவரில் மாட்டச் சட்டம் போட்டும் விற்கிறார்கள். ஆங்கிலேய மரபில் குலச்சின்னம் பெயருக்குச் சொந்தமானதல்ல. அதைப் பெற்ற ஆளுக்கும் அவர் ஆண்வழி வாரிசுகளுக்கும் உரியது. கோப்பையில் காப்பி குடிக்கலாம், தப்பில்லை. வம்சத்துக்கு அத்தாட்சியாக மட்டும் அதைக் காட்ட வேண்டாம்.

ஜார்ஜ் வாஷிங்டனின் நேரடி வாரிசுகள் இன்று இருக்கிறார்களா?

அவருக்குக் குழந்தைகள் இல்லை. உடன்பிறந்தவர்களின் வழியில்தான் குடும்பம் தொடர்ந்தது. அண்ணன் தம்பி பிள்ளைகளில் புஷ்ராட் வாஷிங்டன் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்.

கறுப்பின அமெரிக்கர்களிடம் இந்தப் பெயர் இவ்வளவு பரவியது எப்படி?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க சென்சஸில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் கறுப்பினத்தவர். அந்நாட்டில் பரவலாக உள்ள குடும்பப் பெயர்களில் கறுப்பினத்தவரின் பங்கு இவ்வளவு உயர்ந்த பெயர் வேறில்லை.

'எஜமானின் பெயரை அடிமைகளுக்கு வைத்தார்கள்' என்று ஒரே வரியில் சொல்வார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. எஜமான்களின் கணக்குப் புத்தகங்களில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். ஆனால் அடிமைகளில் பலர் தங்களுக்குள் குடும்பப் பெயர் வைத்துப் புழங்கினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் உயிலிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. போர்க்களத்தில் எட்டாண்டு அவரோடு இருந்த பணியாள் வில்லியமுக்கு உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் எழுதிவைக்கிறார். அந்த இடத்தில், 'தன்னை வில்லியம் லீ என்று சொல்லிக்கொள்ளும் வில்லியம்' என்று குறிப்பிடுகிறார். லீ என்பது 1768இல் விற்கப்படுவதற்கு முன் அவர் இருந்த வீட்டாரின் பெயர். முப்பது ஆண்டு வாஷிங்டனிடம் இருந்தும் அவர் வாஷிங்டன் ஆகவில்லை.

ஆனவர் ஒருவர் உண்டு. காம்பியாப் பகுதியில் பிறந்து, 1763இல் வாஷிங்டனால் வாங்கப்பட்ட ஹாரி. 1776இல் தப்பியோடி பிரிட்டிஷ் தரப்பில் சேர்ந்தார். போர் முடிந்து 1783இல் நியூயார்க்கிலிருந்து கறுப்பினத்தவர் சுமார் 3,000 பேரைக் கப்பலேற்றியபோது எடுத்த பட்டியலில் அவர் பெயர் 'ஹாரி வாஷிங்டன்'. வயது 43, ஜெனரல் வாஷிங்டனின் முன்னாள் உடைமை, ஏழு ஆண்டுக்கு முன் வெளியேறியவர் என்று குறித்திருக்கிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், 1792இல் சியரா லியோனில் குடியேறி, 1800இல் அங்கே நிர்வாகத்தை எதிர்த்த கலகத்திலும் சேர்ந்தார். எஜமான் பெயரைத் தாங்கிக்கொண்டே எஜமானிடமிருந்து விடுதலை வாங்கியவர்.

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் தோட்டத்தில் 1799இல் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் ஜார்ஜுக்குச் சொந்தம். அவர்களுக்கு உயிலில் விடுதலை எழுதினார், 1801 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இவர்களின் சந்ததி மட்டுமே பெருகி இந்த எண்ணிக்கை வந்துவிடாது. மற்ற வாஷிங்டன் உறவினர் வீட்டு அடிமைகளைச் சேர்த்தாலும் போதாது. பெயர் பெருமளவு பரவியது 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின், பலர் தாங்களாகவே அதைத் தேர்ந்தெடுத்ததால்.

தாங்களாகவே என்றால்? யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொண்டார்களா?

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் (1856–1915) தன் வரலாற்றில் இதை நேரில் கண்டவராக எழுதுகிறார். விடுதலை கிடைத்ததும் எல்லாரும் இரண்டு விஷயங்களில் ஒத்துப்போனார்களாம்: பெயரை மாற்ற வேண்டும், சுதந்திரம் நிஜம்தானா என்று பார்க்கச் சில நாளாவது தோட்டத்தை விட்டு வெளியே போய்வர வேண்டும். 'ஹேச்சர் வீட்டு ஜான்' என்று இருந்தவர் 'ஜான் எஸ். லிங்கன்' ஆவார். நடுவில் உள்ள 'எஸ்' எதற்கும் சுருக்கமில்லை. கௌரவத்துக்கு ஓர் இனிஷியல், அவ்வளவே.

அவர் கதையும் அதே ரகம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தபோது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று பெயர்கள். இவருக்குப் புக்கர் ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து, ஆசிரியர் கேட்டதும் ஒன்றும் நடக்காததுபோல 'புக்கர் வாஷிங்டன்' என்றார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். முழுப்பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். அதாவது புக்கரின் குடும்பப் பெயர் ஜனாதிபதி குடும்பத்திலிருந்து நேராக வரவில்லை. பிறந்தபோது அம்மா 'டாலியஃபெரோ' என்று ஒரு பெயர் வைத்திருந்தது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. அதை நடுவில் சேர்த்துக்கொண்டார், 'டி' அதுதான்.

ஏன் குறிப்பாக வாஷிங்டன்? ஒவ்வொருவரும் காரணம் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. நாட்டைத் தோற்றுவித்தவர் என்ற மதிப்பு, தன் அடிமைகளுக்கு உயிலில் விடுதலை எழுதியவர் என்ற பேச்சு, நானும் இந்த நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை ஆகியவற்றை வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மூன்றாவதுதான் கனமானது என்பது என் எண்ணம். நேற்றுவரை இன்னொருவரின் சொத்துப் பட்டியலில் இருந்தவர், அந்த நாட்டின் முதல் குடிமகனுடைய பெயரை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள்?

சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஹாரல்ட் வாஷிங்டன், நடிகர்கள் டென்ஸல் வாஷிங்டன், கெர்ரி வாஷிங்டன். பாடகி டைனா வாஷிங்டனுக்கு இது மேடைப்பெயர். இயற்பெயர் ரூத் ஜோன்ஸ். தலைநகர் வாஷிங்டனின் மேயராக வால்டர் வாஷிங்டன் என்ற கறுப்பினத்தவர் இருந்தார், பெயர்ப்பொருத்தம் தற்செயல்.

நகருக்கும் மாநிலத்துக்கும் எப்போது இந்தப் பெயர் வந்தது?

தலைநகருக்கு 1791இல், ஜார்ஜ் உயிரோடு பதவியில் இருக்கும்போதே. மேற்குக் கரை மாநிலத்துக்கு முதலில் கொலம்பியா என்ற பெயர்தான் பேச்சில் இருந்தது. தலைநகர வட்டாரத்துக்கும் கொலம்பியா என்று பெயர் இருப்பதால் குழப்பம் வரும் என்று 1853இல் வாஷிங்டன் என மாற்றினார்கள். குழப்பம் தீர்ந்த லட்சணம் இன்றைக்கும் தெரிகிறது.

டர்ஹம் பக்கத்து வாஷிங்டன் ஊர் என்ன ஆயிற்று?

இருக்கிறது. குடும்பம் குடியிருந்த இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பழைய மாளிகை, 19ஆம் நூற்றாண்டில் பல ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒண்டுக்குடித்தனமாக மாறியது. 1936இல் இடிக்கப் போனவர்களிடமிருந்து உள்ளூர்க்காரர்கள் காப்பாற்றினார்கள். 1957 முதல் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். 1977இல் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வந்து போனார். ஜூலை 4ஆம் தேதி அமெரிக்கச் சுதந்திர தினத்தை இங்கேயும் கொண்டாடுகிறார்கள்.

வாஷிங்டன் என்ற பெயருடையவர் தன் வம்சத்தை எங்கிருந்து தேட வேண்டும்?

எந்தப் பக்கத்துக் குடும்பம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பாரிஷிலும் (தேவாலய வட்டாரத்திலும்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய உத்தரவு உண்டு. ஏடுகள் தப்பிய ஊர்களில் அவை நன்றாகவே கைகொடுக்கும். எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

கறுப்பின அமெரிக்கக் குடும்பமானால் 1870 சென்சஸ் ஒரு சுவர் மாதிரி நிற்கும். விடுதலையடைந்தவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் சென்சஸ் அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். சுவரைத் தாண்ட, விடுதலையடைந்த அடிமைகளுக்கு உதவ அரசு அமைத்த விடுதலையாளர் துறையின் ஆவணங்களையும், 1865இலிருந்து 1874 வரை நடந்த விடுதலையாளர் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். வங்கியில் கணக்குத் தொடங்கியவர்களிடம் பல கிளைகளில் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய எஜமான் என்று எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பணம் போட்டவர்களில் பலருக்கு வங்கி திவாலானபோது பணம் திரும்பவில்லை. அந்தப் பதிவேடுகள் இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேட ஆரம்பிப்பவர்கள் முதலில் திறக்க வேண்டியது அவற்றைத்தான்.